அம்மா ஒரு மாத்திரையையும் விடவில்லை: சேலத்து மருத்துவமனை நிர்வாகம் ஒன்றுக்குத் திறந்த மடல்

மருத்துவமனை நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும், மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களுக்கும்,

என் அம்மா மூன்று மாதத்துக்குள் மூன்று முறை உங்கள் வார்டில் படுக்க நேர்ந்தது ஏன் என்று கேட்டு நான் கொடுத்த மனுவுக்கு உங்கள் பதில் போன வாரம் கிடைத்தது. ஒரு பக்கக் கடிதம். அதில் பதில் என்று சொல்லத்தக்கது ஒரே ஒரு வரி: "நோயாளி வீட்டில் மருந்துகளை அறிவுறுத்தியபடி உட்கொள்ளாததே மீண்டும் அனுமதிக்க நேர்ந்ததற்குக் காரணம்." இந்த வரியை என்னால் ஏற்க முடியாது. அம்மாவுக்குப் படித்துக் காட்டவும் மனம் வரவில்லை. அவர் ஒரு மாத்திரையைக்கூட விடவில்லை. கொடுத்தது அத்தனையையும், கொடுத்த நேரத்துக்கு விழுங்கினார். திரும்பத் திரும்ப உங்களிடம் வந்தது அதனால்தான்.

நான் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு தட்டச்சு, ஜெராக்ஸ் கடையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். திங்கட்கிழமை குறைதீர் நாள் என்றால் விடியற்காலையிலேயே கூட்டம் நிற்கும். பட்டா, முதியோர் பென்ஷன், குடிநீர் என்று அடுத்தவர் குறையை எழுதிக் கொடுப்பது என் வேலை. எழுதுவதற்கு முன்னால் தேதி, எண்ணிக்கை, யார் என்ன சொன்னார் என்பதையெல்லாம் கேட்டு வாங்கிக்கொள்வேன். அம்மாவின் விஷயத்தையும் அப்படியே எழுதுகிறேன். மூன்று டிஸ்சார்ஜ் சம்மரியும், மருந்துக் கடை பில்களும், அம்மா வைத்திருந்த பிஸ்கட் டின்னும் என்னிடம் இருக்கின்றன. உங்கள் மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரை எழுதினால் பேச்சு பெயரைச் சுற்றியே நின்றுவிடும். எனக்கு வேண்டியது உங்கள் நடைமுறை மாறுவது.

அம்மாவுக்கு 68 வயது. ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் பக்கம் வீடு. முப்பது வருடத்துக்கு மேல் காப்பி எஸ்டேட்டில் பழம் பறித்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. பஸ்ஸை நிறத்தையும் டிரைவர் முகத்தையும் வைத்து அடையாளம் சொல்வார், மாத்திரையையும் அப்படித்தான். உங்களிடம் வருவதற்கு முன்னால் அவருக்கு இரண்டே மாத்திரைகள்: பீ.பி.க்கு அம்லோடிபின், சுகருக்கு மெட்ஃபார்மின். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அந்த இரண்டும் வீட்டுக்கே வந்தன. கொண்டுவரும் பெண் வாசலில் உட்கார்ந்து பீ.பி. பார்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போவார். மலை மேல் இருக்கும் எங்களுக்கு அது பெரிய உதவி. அவர் மேல் ஒரு குறையும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் மூச்சுத்திணறல் என்று முதல் முறை சேர்த்தோம். ஆறு நாள் வைத்திருந்தீர்கள். நல்ல கவனிப்பு, உயிரைக் காப்பாற்றினீர்கள், அதை மறக்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது ஒன்பது வகை மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சம்மரி முழுக்க ஆங்கிலம். பார்மசியில் அட்டைகளைக் கத்தரித்துப் பையில் போட்டு, "காலைல இது, ராத்திரி இது" என்று சொன்னார்கள். பின்னால் வரிசையில் இருபது பேர். மொத்தம் இரண்டு நிமிடம் இருக்கும். வீட்டில் ஏற்கெனவே என்ன சாப்பிடுகிறார் என்று அட்மிஷனில் கேட்டார்கள். "பீ.பி. மாத்திரை, சுகர் மாத்திரை" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று யாரும் கேட்கவில்லை. வீட்டு மாத்திரையை நிறுத்தச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை.

புதிதாக எழுதிய ஒன்பதில் ஒன்று கூட்டு மாத்திரை. டெல்மிசார்டான் 40, அம்லோடிபின் 5, இரண்டும் ஒரே வில்லைக்குள். அட்டையின் மேல் கம்பெனி வைத்த பெயர்தான் பெரிதாக இருக்கும். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் கடுகு எழுத்தில் இருக்கும். நானே அதைப் படிக்கவில்லை. அம்மா எங்கே படிப்பது? வீட்டில் இருந்த வெள்ளை மாத்திரையும் தொடர்ந்தது, புதிய மாத்திரையும் தொடங்கியது. 5 மில்லிகிராம் 10 ஆனது.

மருத்துவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அம்லோடிபின் நல்ல மருந்து, விலை குறைந்த மருந்து, லட்சக்கணக்கானவர்கள் சாப்பிடுவது. அளவு கூடினால் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் வரும். உடம்பில் நீர் சேர்ந்து வரும் வீக்கம் அல்ல அது; ரத்தக்குழாய் விரிந்து திரவம் வெளியே கசிந்து காலில் தங்குவது. அதற்கு நீர் மாத்திரை, அதாவது சிறுநீரை அதிகம் போகவைக்கும் மாத்திரை, சரியான மருந்தல்ல. மருந்தைக் குறைத்தால் வீக்கம் தானே வடியும்.

முதல் டிஸ்சார்ஜுக்குப் பத்தாம் நாள் ரிவியூவுக்கு வரச் சொல்லியிருந்தீர்கள். காலை ஒன்பது மணிக்கு டோக்கன். நீர் மாத்திரை காலையில் வெறும் வயிற்றில் என்று சொல்லியிருந்ததால் அம்மா அதை விழுங்கிவிட்டுத்தான் பஸ் ஏறினார். "இன்னிக்கி ஒரு நாள் வேண்டாம்மா" என்றேன். "டாக்டரு குடுத்ததை விடக்கூடாது கண்ணு" என்றார். ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வர 20 கொண்டை ஊசி வளைவு. பாதி மலை இறங்குவதற்குள் அம்மாவால் முடியவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். டிரைவரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், ஒரு வளைவில் ஓரமாக நிறுத்தினார். பஸ் முழுக்க ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, தடுப்புச் சுவர் ஓரமாக என் துப்பட்டாவை விரித்துப் பிடித்து மறைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்த அம்மா சேலம் வரும்வரை யார் முகத்தையும் பார்க்கவில்லை. அறிவுறுத்தியபடி உட்கொள்ளாதவர் என்று நீங்கள் எழுதியது இவரைத்தான். "பயண நாளில் வீடு திரும்பிய பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை மூன்றாம் அட்மிஷனில்தான் கிடைத்தது.

ரிவியூவில் கால் வீக்கத்தைக் காட்டினோம். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். டிஸ்சார்ஜ் ஆன பத்தொன்பதாம் நாள், குழாயடியில் தலைசுற்றி விழுந்தார். இரண்டாம் அட்மிஷன். இந்த முறை வேறு மருத்துவரின் பிரிவு. காலைப் பார்த்ததும் இதயத்தால் வந்த வீக்கம் என்று முடிவு செய்து நீர் மாத்திரையை இரட்டிப்பாக்கினார்கள், வேறு ரக நீர் மாத்திரை ஒன்றும் சேர்த்தார்கள். நாலு நாளில் வீக்கம் வடிந்தது. மருந்து கேட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். வார்டில் இருந்தவரை அம்மா வீட்டு மாத்திரையைத் தொடவில்லை, அதனாலேயே வடிந்திருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. ஒன்பது நாள் கழித்து, பதின்மூன்று வகை மாத்திரையோடு வீடு திரும்பினோம். வார்டில் தூக்கம் வரவில்லை என்று சொன்னதற்கு எழுதிய தூக்க மாத்திரையும் அதில் ஒன்று. வீட்டில் அவருக்குத் தூக்கக் குறையே கிடையாது. முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளைப் பட்டியல் போடும் வேலையை அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991-இல் தொடங்கிவைத்தார். இன்றும் அவர் பெயரிலேயே புதுப்பித்து வரும் அந்தப் பட்டியலில் இந்த ரகத் தூக்க மாத்திரைகளும் இருக்கின்றன: தள்ளாட்டம், விழுதல், எலும்பு முறிவு, குழப்பம் என்ற காரணங்களோடு. விழுந்ததற்காகச் சேர்த்த ஒருவருக்கு அதைக் கொடுத்து அனுப்பினீர்கள்.

பதின்மூன்றில் அதே கூட்டு மாத்திரை வேறு கம்பெனிப் பெயரில் இருந்தது. நிறமும் வேறு. பழைய அட்டையில் பாதி மிச்சம். "இது வேற, அது வேற" என்று அம்மா இரண்டையும் சாப்பிட்டார். வீட்டு வெள்ளை மாத்திரையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்: ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாத மருந்து 15 மில்லிகிராம் போய்க்கொண்டிருந்தது. கேஸ் மாத்திரையிலும் இதே கதை. முதல் சீட்டில் பான்டோபிரசோல், இரண்டாம் சீட்டில் ராபெபிரசோல். ஒரே வேலை செய்யும் இரண்டு.

இருபத்திரண்டு நாள் ஓடியது. ஒரு நாள் காலை அம்மா என்னைப் பெரியம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பெரியம்மா இறந்து பத்து வருடமாகிறது. அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு எதற்குப் பற்ற வைத்தோம் என்று தெரியாமல் நின்றார். வாடகைக் காரில் மலை இறக்கி உங்களிடம் கொண்டுவந்தோம். ரத்தத்தில் சோடியம் என்னும் உப்புச் சத்து 116; நீர் மாத்திரை கூடினால் இது இறங்கக்கூடும். 135-க்குக் கீழே போனாலே குறைவு என்றார்கள். வேகமாக ஏற்றினால் மூளைக்குக் கேடு, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் ஏற்றலாம் என்றும் சொன்னார்கள். ஆகவே நாள் கூடியது. படுக்கையில் இருந்ததால் மூத்திரக் குழாய் போட்டார்கள், அதனால் கிருமித் தொற்று, அதற்கு ஊசி மருந்து, மறுபடியும் நாள் கூடியது. பதினான்கு நாள். முடிந்து எழுந்தபோது கால் பலமில்லை. மலைப்பாதையில் விறகுக் கட்டோடு நடந்தவர், கழிப்பறைக்குப் போகச் சுவரைப் பிடித்தார்.

ஆறு, ஒன்பது, பதினான்கு. ஒன்பது மாத்திரை, பதின்மூன்று மாத்திரை. இந்த இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு பல ராத்திரி பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் அட்மிஷனின் ஐந்தாம் நாள் உங்கள் டியூட்டி டாக்டர் ஒருவர், வயதில் என்னைவிடச் சின்னவர், "வீட்ல என்னென்ன மாத்திரை இருக்கோ அத்தனையும் அள்ளிட்டு வாங்கக்கா, காலி அட்டையா இருந்தாலும் பரவால்ல" என்றார். தம்பியை அனுப்பி அந்த பிஸ்கட் டின்னைக் கொண்டுவரச் சொன்னேன். கட்டிலின் காலடியில் ஒரு செய்தித்தாளை விரித்து அதைக் கொட்டினார். ஒவ்வோர் அட்டையாகத் திருப்பி, கடுகு எழுத்தை செல்போன் வெளிச்சத்தில் படித்து, ஒரே மருந்து ஒரே வரிசையில் வருகிற மாதிரி அடுக்கினார். மொத்தம் பதினேழு வகை. அம்லோடிபின் வரிசையில் மூன்று அட்டை வந்து சேர்ந்தபோது அவர் கை நின்றுவிட்டது. "இந்த மூணையுமா சாப்பிட்டாங்க?" என்று கேட்டார். அம்மாவுக்கு அப்போது நினைவு தெளிந்திருந்தது. "ஆமாங்க சாமி, ஒண்ணுகூட விடலீங்க" என்றார், பெருமையாக. அந்த டாக்டர் எதுவும் பேசாமல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். அந்த இருபது நிமிடம் ஆகஸ்டிலேயே கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம் முழுவதும். பெரிய டாக்டரோடு பேசி, பதினேழை ஏழாகக் குறைத்தார். வீட்டுக்கு வந்து இத்தனை நாளில் கால் வீங்கவில்லை, தலை சுற்றவில்லை, என்னை என் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

எங்கள் கடைக்கு வரும் ஒரு ஓய்வுபெற்ற மருத்துவரிடம் இதைச் சொன்னபோது அவர் நியாயமான ஒன்றைச் சொன்னார். நோய் முற்றியவருக்கு மருந்து கூடத்தான் செய்யும், படுக்கை நாளும் கூடத்தான் செய்யும். மருந்து கூடியதால்தான் நாள் கூடியது என்று எடுத்தவுடன் சொல்லிவிடாதே என்றார். ஒத்துக்கொள்கிறேன். அம்மாவின் இதயம் பலவீனம்தான். இந்த ஏழும் அவருக்கு வேண்டியவைதான். மருந்தைக் குறைத்தால் எல்லாம் சரியாகும் என்று நான் சொல்லவில்லை. யாரும் பார்த்து நிறுத்தாமல் போனதைச் சொல்கிறேன். ஐந்தும் அதற்கு மேலும் என்றாலே மருத்துவ உலகில் பல மருந்துச் சுமை என்று கணக்கெடுக்கிறார்கள். ஏழு மருந்து இருந்தால் இரண்டிரண்டாக மோதிக்கொள்ள 21 ஜோடி. பதினேழு இருந்தால் 136 ஜோடி. அத்தனையையும் யார் கவனித்தார்கள்? ஒவ்வொரு பிரிவும் தன் நோய்க்குத் தன் மருந்தைச் சேர்த்தது. எடுப்பது யார் வேலை என்று ஒருவருக்கும் எழுதி வைக்கவில்லை.

இது உங்களுக்குப் புதிய செய்தி அல்ல. மருந்தால் வரும் தீங்கைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஓர் உலகளாவிய முயற்சியைத் தொடங்கியது. தவிர்க்கக்கூடிய கடும் பாதிப்பை ஐந்து ஆண்டில் பாதியாக்குவது அதன் இலக்கு. மூன்று இடங்களில் முதலில் கவனம் வேண்டும் என்றது. ஒன்று ஆபத்து மிகுந்த சூழல்கள், இன்னொன்று பல மருந்து சாப்பிடுகிறவர்கள், மற்றொன்று மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையே நோயாளி கைமாறும் நேரம். அம்மா பின்னிரண்டிலும் இருந்தார், மூன்று முறை. நம் நாட்டிலும் 2015-இல் வந்த மருந்தியல் நடைமுறை ஒழுங்குமுறைகள், நோயாளிக்கு மருந்தை விளக்கி ஆலோசனை தருவதை மருந்தாளுநரின் கடமையாகவே வைத்திருக்கின்றன. வார்டிலேயே நின்று மருந்துகளைச் சரிபார்க்கப் பயிற்சி தரும் 'பார்ம் டி' படிப்பு இந்தியாவில் 2008-இல் தொடங்கியது. சேலத்திலேயே அதைப் படித்த பிள்ளைகள் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களின் மனுக்களையும் நான் தட்டச்சு செய்திருக்கிறேன்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை போதும். இரண்டாம் பில்லுக்கு என் வளையல், மூன்றாம் பில்லுக்கு அம்மாவின் கொலுசு. இரண்டும் இன்னும் அடகுக் கடையில்தான்.

இனி நான் கேட்பவை.

முதலில், அந்த வரியைத் திரும்பப் பெறுங்கள். அம்மாவின் கேஸ் ஷீட்டில் "மருந்து சரியாக உட்கொள்ளாதவர்" என்று எழுதியிருந்தால் அதைத் திருத்தி, என்ன நடந்தது என்பதை எழுதி, எனக்கு ஒரு நகல் தாருங்கள். நாளை வேறு மருத்துவர் அதைப் படித்துவிட்டு அவரை அந்தக் கண்ணோடு பார்க்கக் கூடாது.

அட்மிஷன் அன்றோ மறுநாளோ, வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரையையும் கொண்டுவரச் சொல்லுங்கள். மலையிலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள். ஒருவர் பொறுப்பாக அதைப் பிரித்துப் பார்த்து, கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகி 30 நாளுக்குள் திரும்பி வருகிற ஒவ்வொருவருக்கும் இதை முதல் நாளே, ஒரு மருத்துவர் உட்கார்ந்து செய்ய வேண்டும். மருந்தே காரணமாக இருக்குமோ என்ற கேள்வியை அவர் எழுத்தில் பதிய வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது தமிழில் ஒரே ஒரு தாள் கொடுங்கள். எது தொடர்கிறது, எது புதியது, எது நின்றது. நின்றவை கட்டாயம் இருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்த முதல் இரண்டு சம்மரியிலும் அது இல்லை. ஒவ்வொன்றுக்கும் எதற்காக, எத்தனை நாளுக்கு என்று ஒரு சொல் போதும். "பழைய சீட்டு செல்லாது" என்று மேலே முத்திரை குத்துங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சூரியன், சந்திரன் படம் போட்டு அட்டையிலேயே ஒட்டலாம். உங்கள் டியூட்டி டாக்டர் அம்மாவுக்கு அப்படித்தான் செய்து கொடுத்தார். அந்தத் தாளின் நகல் ஒன்றை வீட்டுக்கு மருந்து கொண்டுவரும் சுகாதாரப் பணியாளருக்கென்று எங்கள் கையில் கொடுத்துவிடுங்கள்; நாங்களே சேர்த்துவிடுகிறோம்.

ஐந்துக்கு மேல் மருந்து எடுக்கும் ஒவ்வொருவரிடமும் மருந்தாளுநர் ஒருவர் கட்டிலருகே வந்து கால் மணி நேரம் பேசட்டும். பார்மசி ஜன்னலில் நின்றபடி வேண்டாம். முதல் வாரத்துக்குள் ஒரு போன் செய்யுங்கள். பில் பாக்கிக்கு எனக்கு மூன்று முறை போன் வந்தது; அம்மா எப்படி இருக்கிறார் என்று ஒரு முறையும் வரவில்லை.

கடைசியாக, 30 நாளுக்குள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், எத்தனை மருந்தோடு போனார்கள், எத்தனை நாள் தங்கினார்கள் என்பதை மாதாமாதம் கணக்கெடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அமெரிக்காவில் அளவுக்கு மீறி நோயாளிகள் திரும்பி வரும் மருத்துவமனைகளுக்கு 2012 அக்டோபர் முதல் அரசு தரும் காப்பீட்டுத் தொகையில் பிடித்தம் செய்கிறார்கள். அந்த முறை சரியா என்று அங்கேயே வாதம் உண்டு. நான் அபராதம் கேட்கவில்லை. எண்ணிக்கையைக் கேட்கிறேன்.

முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். அம்மாவுக்கு அடுத்த ரிவியூ வருகிற 12-ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு. ஒன்பது மணி டோக்கனை மாற்றிக் கொடுத்த ரிசப்ஷன் பெண்ணுக்கு நன்றி. பிஸ்கட் டின்னையும் எடுத்துக்கொண்டு வருகிறோம். அதைத் திறந்து பார்க்கப்போவது உங்களில் யார் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
மூன்று முறையும் அட்மிஷன் படிவத்தில் கையெழுத்துப் போட்ட மகள்